வளர்வதற்கு விட்ட இடம்

கடவுள் துணை

ஜூன் 8

அன்புள்ள அண்ணாவுக்கு,

நானும் உங்கள் மருமகள் குருவியும் நலம். நீங்களும் அண்ணியும் நலமா என்று போனில் கேட்கலாமென்றால் நீங்கள் எடுப்பதே இல்லை. பட்டறையில் ரம்ப மெஷின் சத்தத்தில் கேட்கவில்லை என்று அண்ணி சொல்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமையுமா மெஷின் ஓடுகிறது? கோபம் என்றால் கோபம் என்று சொல்லிவிட்டுப் போங்கள். பாவம், அந்த மெஷின்மேல் பழியைப் போடாதீர்கள்.

அதனால்தான் எழுதுகிறேன். இந்த இரண்டு ஊருக்கும் நடுவே தினமும் பஸ்ஸில் டிக்கெட் கொடுத்துக்கொண்டு போய்வருகிறவர் உங்கள் மாப்பிள்ளை. அவர் கையிலேயே கொடுத்தனுப்புகிறேன். "அண்ணனுக்கும் தங்கச்சிக்கும் நடுவுல நான் என்ன தபால் பெட்டியா?" என்று முணுமுணுத்தார். ஆனால் சட்டைப் பையில் பத்திரமாகத்தான் வைத்துக்கொண்டார்.

உங்கள் கோபம் எதற்கென்று எனக்குத் தெரியும். மூன்று வயதாகியும் உட்கார முடியாத பிள்ளையை வீடெல்லாம் உருட்டிக்கொண்டு போக நீங்கள் ஒரு சாய்வு வண்டி செய்து கொடுத்தீர்கள். நான் அடுப்படியில் நின்றால் அவளும் அடுப்படி வாசலில் இருப்பாள். அந்த வண்டியை வீட்டிலேயே விட்டுவிட்டு நான் பிள்ளையோடு இங்கே வந்துவிட்டேன். இப்போது அதில் துவைத்த துணியைக் குவித்து வைத்திருக்கிறோம் என்று யாரோ உங்கள் காதில் போட்டுவிட்டார்கள்.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். உடம்பு விறைக்கிற பிள்ளைகளுக்கான இந்தப் பயிற்சி நிலையத்துக்கு முதல்முறை வந்தபோது டீச்சர், "நாள் முழுக்க பாப்பா எங்கம்மா இருப்பா?" என்று கேட்டார். நான் பெருமையாக வண்டியைக் காட்டினேன். அவர் திட்டவில்லை. வண்டியைத் தடவிப் பார்த்து, "நல்ல வேலை" என்றார். பிறகு குருவியைத் தூக்கிப் பாயில் போட்டார். "சாஞ்சே கிடந்தா உடம்பு பின்பக்கமா விறைக்கத்தான் கத்துக்கும். கூரையையே எத்தனை நாள் பார்த்துட்டு இருப்பா? எதிர்ல இருக்கிறவங்க முகத்தையும் பார்க்கட்டுமே" என்றார். அன்று சாயங்காலம் குருவியைத் தோளில் போட்டுக்கொண்டு, வண்டியை வெறுமனே உருட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். உங்களிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இப்போது ஒரு உதவி. இங்கே சின்ன வகுப்பு என்று ஒன்று இருக்கிறது. மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, கையால் எடுத்து, வைத்து, பேசப் பழகுகிற வகுப்பு. ஒரே ஒரு இடம் காலி. ஆகஸ்ட் முதல் தேதிக்குள் குருவி நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, கை இரண்டையும் விட்டுவிட்டு விளையாடினால் சேர்த்துக்கொள்வார்கள். இல்லையென்றால் அடுத்த வருஷம்தான். நாற்காலி அவளுடைய உடம்புக்கென்றே செய்ததாக இருக்க வேண்டுமாம். இங்கே செய்து கொடுத்துக்கொண்டிருந்தவர் வேலையை விட்டுப் போய்விட்டார்.

கேட்க வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் தச்சு வேலை தெரிந்த அண்ணனை வைத்துக்கொண்டு வேறு யாரிடம் போய்க் கேட்பது?

அன்புத் தங்கை

———

ஜூன் 13

கணக்குப்பிள்ளைக்கு,

கடிதம் கிடைத்தது. கோபம்தான். அதை மறைக்க எனக்கு மெஷின் தேவையில்லை.

கோபம் வேறு, வேலை வேறு. நாற்காலி செய்கிறேன். உன் தையல் டேப்பில் அளந்து அனுப்பு. எங்கிருந்து எங்கே அளப்பது என்று அந்த டீச்சரையே கேள். நீ பாட்டுக்குத் தூங்குகிற பிள்ளையை அளந்து அனுப்பிவிடாதே. எவ்வளவு விறைப்பாக இருப்பாள், எந்தப் பக்கம் சாய்வாள், அதையும் எழுது. நீதான் பால்காரன் தும்மினால்கூடக் குறித்து வைக்கிறவள் ஆயிற்றே.

டீச்சரிடம் ஒன்று சொல். அந்த வண்டியில் ஒரு ஆணித்தலைகூட வெளியே தெரியாது. எல்லாம் உள்ளடங்கின வேலை. துணி குவித்து வைக்கச் செய்ததல்ல.

மாப்பிள்ளை இளைத்துப் போயிருக்கிறார். உன் அண்ணி ராத்திரிச் சாப்பாட்டுக்கு இங்கே வரச் சொல்லியிருக்கிறாள். "இல்லக்கா, பழகிடுச்சு" என்கிறார். பட்டினி கிடக்கப் பழகிவிட்டதா என்று கேட்டேன். இப்போது வருகிறார்.

அண்ணன்

———

கடவுள் துணை

ஜூன் 19

அன்புள்ள அண்ணாவுக்கு,

அளவுகளைத் தனிக் காகிதத்தில் எழுதி இதற்குள் மடித்து வைத்திருக்கிறேன். டீச்சர் பிடித்துக்கொள்ள, நான் அளந்தேன். குருவிக்கு டேப் பட்டால் கூச்சம். சிரிப்பு வந்தால் அவள் உடம்பு வில் மாதிரி விறைத்துவிடும். விறைத்தால் அளவு தப்பிவிடும். சிரித்து முடிக்கட்டும் என்று காத்திருந்து அளப்பதற்குள் எனக்குச் சிரிப்பு வந்துவிடும், அதைப் பார்த்து அவள் மறுபடி ஆரம்பித்துவிடுவாள். டீச்சர் "அம்மாவையும் பொண்ணையும் தனித்தனி ரூம்லதான் விடணும்" என்றார்.

முதுகுப் பலகை நேராக இருக்க வேண்டும். இடுப்பு அதில் நன்றாக ஒட்ட வேண்டும். பாதம் இரண்டும் பலகையில் படிய வேண்டும். அவள் கால்கள் கத்தரிக்கோல் மாதிரி பின்னிக்கொள்ளும் அல்லவா, அதனால் முழங்கால்களுக்கு நடுவே வழவழப்பாக ஒரு கட்டை நிற்க வேண்டும். முன்னால் ஒரு தட்டுப் பலகை. இடதுபக்கம்தான் சாய்வாள்.

இங்கே எங்கள் நாள் எப்படிப் போகிறது என்று அண்ணி கேட்டார்களாம். சைக்கிள் கடைக்கு மேலே ஒரு அறை. காலையில் கீழே காற்றடிக்கிற சத்தத்தில்தான் குருவி கண் விழிக்கிறாள். இப்போதெல்லாம் அதே மாதிரி 'புஸ்' என்று சத்தம் போடுகிறாள். கடைக்காரர் கீழிருந்து "பாப்பா, டியூப் பஞ்சரா?" என்று கேட்பார். அவ்வளவுதான், காலையிலேயே சிரிப்பும் விறைப்பும்.

நிலையத்தில் பிள்ளைகளைவிட அம்மாக்களுக்குத்தான் பாடம் அதிகம். எனக்கு வந்த முதல் திட்டு என்ன தெரியுமா? குருவி கண்ணைத் திருப்புவதற்குள் நான் தண்ணீர் டம்ளரை நீட்டிவிடுகிறேனாம். "நீங்க கொஞ்சம் பேசாம இருங்கம்மா. அவ கேட்கட்டும். கேட்க வேண்டிய தேவையே இல்லன்னா அவ எதுக்கு வாயைத் திறப்பா?" என்றார் டீச்சர். டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பதுபோல ஒரு கஷ்டமான வேலை உலகத்தில் இல்லை அண்ணா. பக்கத்தில் ஒரு அம்மா இருக்கிறாள். எப்போதும் பேசிக்கொண்டே இருப்பதால் அவளுக்கு ரேடியோ என்று பெயர். அவள் சொல்கிறாள்: "என் மாமியாருக்கு முன்னால வாயை மூடிட்டு இருந்தேன். இப்ப என் பையனுக்கு முன்னாலயும் மூடணுமாம். நான் எங்கதான் பேசறது?"

சாமி கும்பிடுவது குறையவில்லை. கேட்கிற விதம்தான் மாறியிருக்கிறது. முன்பெல்லாம் "என் பிள்ளை நடக்கணும்" என்று பெரிதாக ஒன்றைக் கேட்டுவிட்டு அழுதுகொண்டிருப்பேன். இப்போது "இன்றைக்கு ஒருமுறை இடது கையை ஊன்றட்டும்" என்று கேட்கிறேன். சின்னதாகக் கேட்டால் கடவுளுக்கும் வசதியாக இருக்கிறது போலிருக்கிறது. சாயங்காலத்துக்குள் கொடுத்துவிடுகிறார்.

அன்புத் தங்கை

———

ஜூலை 3

கணக்குப்பிள்ளைக்கு,

நாற்காலி பஸ்ஸில் வருகிறது. மாப்பிள்ளை மேலே ஏற்றிக் கட்டுகிறேன் என்றார். மழை வந்தால் என்ன ஆகும் என்று நான் கேட்ட கேள்வியில் உள்ளே ஏற்றிவிட்டார்.

கண்ணை மூடிக்கொண்டு எல்லா மூலையிலும் கையால் தடவிப் பார். எங்காவது சிராய் குத்தினால் எனக்கு எழுது, நான் தொழிலை விட்டுவிடுகிறேன். நடுக்கட்டையை உப்புத்தாள் போட்டுத் தேய்த்துத் தேய்த்து என் கை ரேகையே போய்விட்டது. உன் அண்ணி ஒரு மாவுப் பையை உட்காரவைத்துச் சோதித்தாள். மாவு நன்றாக உட்கார்ந்தது.

நீ அனுப்பிய அளவுக்குமேல் எல்லாப் பக்கமும் கொஞ்சம் இடம் விட்டிருக்கிறேன். வளர்கிற பிள்ளை.

அண்ணன்

———

கடவுள் துணை

ஜூலை 7

அன்புள்ள அண்ணாவுக்கு,

நாற்காலி வந்து சேர்ந்தது. இப்படி ஒரு நாற்காலியை இந்தத் தெருவே பார்த்ததில்லை. கண்ணை மூடித் தடவினேன், ஒரு இடத்தில்கூடக் குத்தவில்லை. நீங்கள் தொழிலை விட வேண்டாம். சைக்கிள் கடைக்காரர் மேலே வந்து பார்த்துவிட்டு, "இது மரமா வெண்ணெயா?" என்று கேட்டார். ரேடியோ தன் பையனுக்கும் ஒன்று வேண்டும் என்கிறாள்.

பஸ்ஸில் ஒரு பெரியவர் நிற்க முடியாமல் அதில் உட்காரப் போனாராம். உங்கள் மாப்பிள்ளை "ஐயா, அது ரிசர்வ் சீட்டு" என்று சொல்லித் தன்னுடைய சீட்டைக் கொடுத்துவிட்டு வழி முழுக்க நின்றுகொண்டே வந்தாராம்.

மரத்தின் நிறமும், தட்டுப் பலகையின் ஓரத்தில் டம்ளர் விழாமல் நீங்கள் எழுப்பியிருக்கிற வரம்பும் எனக்கு ரொம்பப் பிடித்திருக்கின்றன. அண்ணிக்கு என் அன்பு. இங்கே நல்ல மழை.

அன்புத் தங்கை

———

ஜூலை 9

தங்கச்சிக்கு,

நிறத்தைப் பற்றி எழுதியிருக்கிறாய். வரம்பைப் பற்றி, மழையைப் பற்றி, எவனோ ஒரு பெரியவரைப் பற்றியெல்லாம் எழுதியிருக்கிறாய்.

உட்காருகிறாளா?

மாப்பிள்ளையைக் கேட்டேன். "பஸ்ஸுக்கு நேரமாச்சு மச்சான்" என்று நழுவிவிட்டார். அன்றைக்கு அவருக்கு விடுமுறை.

அண்ணன்

———

கடவுள் துணை

ஜூலை 11

அன்புள்ள அண்ணாவுக்கு,

உட்காரவில்லை.

மறுபடியும் உங்கள் வேலையைக் குறை சொல்கிறேன் என்று நினைத்துவிடுவீர்களே என்றுதான் எழுதவில்லை. ஒரு வண்டிக்கே நீங்கள் என்னோடு பேசாமல் இருந்தீர்கள்.

நீங்கள் விட்ட இடம்தான் காரணம். இடுப்பைப் பின்பலகையில் ஒட்டவைத்தால் முழங்கால் மடங்க இடமில்லாமல் கால் நீட்டிக்கொள்கிறது. முன்னால் இழுத்து உட்காரவைத்தால் முதுகுக்குப் பின்னால் வெற்றிடம், அதற்குள் சரிந்துவிடுகிறாள். பாதம் பலகைக்கு எட்டாமல் தொங்குகிறது. விழுந்துவிடுவோம் என்ற பயத்தில் இரண்டு கையாலும் ஓரத்தைப் பிடித்துக்கொள்கிறாள். பிடித்த கையை விடுவதே இல்லை. எதிரே எந்தப் பொம்மையை வைத்தாலும் அதைப் பார்க்கிறாள், என்னைப் பார்க்கிறாள், அவ்வளவுதான். போர்வையை மடித்து முதுகுக்குப் பின்னால் திணித்துப் பார்த்தோம். அது நழுவிக் கீழே வந்துவிடுகிறது, கூடவே இவளும்.

டீச்சர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "நாற்காலி பிரமாதம். ஆனா இது அடுத்த வருஷத்துக் குருவிக்குச் செஞ்சது. இந்த வருஷத்துக் குருவி எங்க உட்காருவா?"

நான் அதற்குச் சிரிக்கவில்லை. ஏன் என்று உங்களிடம்தான் சொல்ல முடியும். குருவிக்குத் துணி எடுக்கப் போனால் நான் எப்போதும் அளவாகத்தான் எடுப்பேன். மற்ற அம்மாக்களெல்லாம் ஒரு சைஸ் பெரிதாக எடுப்பார்கள், "வளர்ற பிள்ளைதானே" என்பார்கள். எனக்கு மட்டும் பெரிதாக எடுக்கக் கை வராது. எதற்கு அலமாரியில் வீணாகக் கிடக்க வேண்டும் என்று என் மனசுக்கு நானே ஒரு கணக்குச் சொல்லிக்கொள்வேன். அவளுக்கென்று வளர இடம் விட்டது இதுவரை நீங்கள் ஒருவர்தான் அண்ணா. அதையும் சரியில்லை என்று உங்களுக்கே எழுத வேண்டியிருக்கிறதே.

ஆகஸ்ட் நெருங்குகிறது. அந்த இடத்துக்கு இன்னொரு பிள்ளையும் காத்திருக்கிறது. நல்ல பிள்ளை, அதன் அம்மாவும் நல்லவள். அவர்களுக்குக் கிடைக்கக் கூடாது என்று சாமியிடம் கேட்க எனக்கு மனசு வரவில்லை. எங்களுக்குக் கிடைக்கட்டும் என்று மட்டும் கேட்கிறேன். இரண்டும் ஒன்றுதான் என்று கடவுளுக்குத் தெரியாதா என்ன? இருந்தாலும் அப்படித்தான் கேட்கிறேன்.

கோபப்படாதீர்கள்.

அன்புத் தங்கை

———

ஜூலை 21

தங்கச்சிக்கு,

உன் கடிதத்தைப் படித்ததும் கோபம் வந்தது. அதைத் தெரிந்துகொண்டு உன் அண்ணி சுத்தியலை எடுத்து ஒளித்து வைத்துவிட்டாள். சாயங்காலம்வரை தேடினேன்.

போன புதன்கிழமை நான் அங்கே வந்திருந்தேன். உன்னிடம் சொல்லக் கூடாது என்று மாப்பிள்ளையிடம் சத்தியம் வாங்கியிருந்தேன். மனுஷன் எனக்கும் டிக்கெட் கிழித்தார். தொழிலில் அவ்வளவு சுத்தம். அந்த நேரத்தில் அம்மாக்களெல்லாம் மாடி அறையில் இருந்தீர்கள். நான் வாசல் பக்கம் நின்று ஜன்னல் வழியாகப் பார்த்தேன். குருவி பாயில் குப்புறக் கிடந்து, முழங்கையை ஊன்றித் தலையைத் தூக்கி ஒரு மணியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் செய்த வண்டியில் இருந்த இரண்டு வருஷமும் அவள் அப்படித் தலையைத் தூக்கி நான் பார்த்ததில்லை. உன் டீச்சரோடு அந்த இடத்திலேயே எனக்குச் சண்டை முடிந்துவிட்டது. அது அவருக்குத் தெரியாது.

வெளியே வந்தவர், "யாரு நீங்க?" என்று கேட்டார். "நாற்காலி செஞ்சவன்" என்றேன். "வாங்க வாங்க, உங்களைத்தான் பார்க்கணும்னு இருந்தேன்" என்று உள்ளே கூட்டிப்போய், அலமாரிக்குப் பக்கத்தில் கிடந்த உயரமான ஸ்டூலில் ஏறி உட்காரச் சொன்னார். உட்கார்ந்தேன். கால் தொங்கியது. சுவரில் ஒரு காகிதத்தை ஒட்டி, "காதுல பென்சில் இருக்குல்ல, எட்டி ஒரு நேர்கோடு போடுங்க. ஒரு கையாலயும் ஸ்டூலைப் பிடிக்கக் கூடாது" என்றார். உடம்பைக் கொஞ்சம் முன்னால் கொண்டுபோனதும் வயிற்றுக்குள் ஒரு பயம் வந்தது பார். என்னை அறியாமல் இடது கை ஸ்டூலைப் பிடித்துக்கொண்டது. கோடு புழு மாதிரி நெளிந்தது. ஆயுசு முழுக்கக் கோடு போட்டுச் சாப்பிடுகிறவன் நான். அங்கே வேலை செய்கிற ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

அப்புறம் டீச்சர் என் காலுக்குக் கீழே ஒரு பெட்டியைத் தள்ளினார். "இப்ப போடுங்க." போட்டேன். கோடு நேராக விழுந்தது. பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு இறங்கி வந்துவிட்டேன்.

நாற்காலியைக் குறைக்க மாட்டேன். வளர்வதற்கு விட்ட இடத்தை வெட்டி எறிய எனக்கும் கை வரவில்லை. இந்தப் பார்சலில் வருவது பலகைகள். முதுகுக்குப் பின்னால் நான்கு. நடுவே ஒருநாள் மாப்பிள்ளை நாற்காலியைத் திரும்ப இங்கே கொண்டுவந்தபோது, பலகை இறங்குகிற பள்ளமாகக் காடி எடுத்து அனுப்பினேன் அல்லவா, மேலிருந்து அதற்குள் இறக்கினால் ஆடாது அசையாது. காலுக்குக் கீழே மூன்று, ஒன்றின்மேல் ஒன்று உட்கார்ந்துகொள்ளும். இப்போது எல்லாவற்றையும் போட்டுவிடு. இந்த வருஷத்துக் குருவிக்குச் சரியாக இருக்கும். பிள்ளை வளர வளர ஒவ்வொன்றாக உருவிவிடு. எப்போது உருவுவது என்று டீச்சர் சொல்லட்டும், நீ அவசரப்படாதே.

துணி விஷயம் படித்தேன். எனக்குப் பலகை செய்யத்தான் தெரியும்.

அண்ணன்

———

கடவுள் துணை

ஆகஸ்ட் 2

அன்புள்ள அண்ணாவுக்கு,

புதன்கிழமை வந்துவிட்டு என்னைப் பார்க்காமல் போன கோபத்தை அப்புறம் தனியாக எழுதுகிறேன். இப்போது அதற்கு நேரமில்லை.

பலகைகளைப் போட்டோம். உட்கார்ந்தாள். ஆனால் கையை விடவில்லை. பலகை வந்தபிறகும் ஓரத்தைப் பிடித்துக்கொண்டேதான் இருந்தாள். பிடித்துப் பிடித்து அதுவே பழக்கமாகிவிட்டது போல. நேற்று டீச்சரும், அவருக்கு மேலே இருக்கிற பெரிய டீச்சரும் எதிரே வந்து உட்கார்ந்தார்கள். கலர் கலராக மணிகளை வைத்தார்கள். பார்க்கிறாள், எடுக்கவில்லை. பொம்மையை வைத்தார்கள். எடுக்கவில்லை. பெரிய டீச்சர் ஏதோ எழுத ஆரம்பித்தார். நான் வேண்டிக்கொள்ளக்கூட மறந்துபோய் அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

தாகமாக இருக்கும் என்று டம்ளரில் தண்ணீர் எடுத்து அவளுடைய தட்டுப் பலகையில், நீங்கள் எழுப்பிய வரம்புக்குள் வைத்தேன். வாயில் கொண்டுபோகத்தான் கை துறுதுறுத்தது. டீச்சர் என்னை ஒரு பார்வை பார்த்தார். கையை மடியில் வைத்துக்கொண்டேன். குருவி டம்ளரைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். நான் ஜன்னலைப் பார்த்தேன். அப்புறம் 'புஸ்' என்றாள். நான் திரும்பவில்லை. இன்னொரு 'புஸ்', கோபமாக. அதற்கும் நான் அசையவில்லை என்றதும், வலது கையை எடுத்தாள், இடது கையையும் எடுத்தாள், இரண்டையும் சேர்த்து டம்ளரை ஓங்கி ஒரு தட்டு! தண்ணீர் முழுக்கப் பெரிய டீச்சரின் மடியில்.

நான் எழுந்து "ஐயோ" என்று ஓடினேன். பெரிய டீச்சர் புடவையை உதறிக்கொண்டே, "உட்காருங்கம்மா! அவ கையைப் பாருங்க முதல்ல" என்றார். கைகள் இரண்டும் காற்றில் இருந்தன அண்ணா. பாதம் பலகையில் ஊன்றி இருந்தது. சிரித்தாள். சிரித்தபோதும் விறைத்துச் சரியவில்லை. பின்பலகை விடவில்லை.

சின்ன வகுப்பில் சேர்த்துக்கொண்டுவிட்டார்கள். அந்த இன்னொரு பிள்ளைக்கும் ஒரு மூலையில் இடம் போடப் பார்க்கிறோம் என்கிறார்கள். நாற்காலிதான் வேண்டுமாம். அளவு எடுக்கட்டுமா என்று டீச்சர் உங்களைக் கேட்கச் சொன்னார். அதற்கும் இடம் விட்டே செய்யுங்கள், பலகையோடு.

சாய்வு வண்டியையும் உங்கள் மாப்பிள்ளையிடம் சொல்லிக் கொண்டுவரச் செய்தேன். வகுப்பின் விளையாட்டுச் சாமான்களெல்லாம் இப்போது அதில்தான் ஊர்வலம் போகின்றன. ஒரு ஆணித்தலைகூட வெளியே தெரியவில்லை என்பதை டீச்சரிடம் சொல்லிவிட்டேன்.

அன்புத் தங்கை

———

ஆகஸ்ட் 6

தங்கச்சிக்கு,

பெரிய டீச்சரிடம் நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல். மனசுக்குள் கேட்கவில்லை என்பதைச் சொல்லாதே.

அளவை அனுப்பு. உன் அண்ணி உன் கடிதத்தைப் பக்கத்து வீட்டுக்கும் எதிர் வீட்டுக்கும் படித்துக் காட்டிவிட்டாள். டம்ளர் இடம் வரும்போது நடித்தும் காட்டுகிறாள். வீட்டில் ஒரு டம்ளர் நசுங்கிவிட்டது.

அண்ணன்

———

கடவுள் துணை

பிப்ரவரி 17

அன்புள்ள அண்ணாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். குருவி இப்போது சைக்கிள் கடைக்காரரைப் பெயர் வைத்துக் கூப்பிடுகிறாள். 'புஸ் மாமா' என்று. உங்களுக்கு 'மாமா' மட்டும்தான். அதற்கு முன்னால் என்ன சேர்ப்பது என்று இன்னும் முடிவு செய்யவில்லை போலிருக்கிறது.

இந்தக் கடிதத்தோடு உங்கள் மாப்பிள்ளை ஒரு பார்சல் கொடுப்பார். உள்ளே ஒரு பலகை இருக்கும். பின்பக்கத்தில் போட்டிருந்த நான்கில் ஒன்று. நேற்று டீச்சர் குருவியை உட்காரவைத்துப் பார்த்துவிட்டு, முழங்கால் மடிப்பில் விரலை விட்டுப் பார்த்தார். "நாலு விரல் போகுதே, தொடை நீண்டிருக்கு. ஒண்ணை உருவிடலாம்" என்றார். நானே உருவினேன். கொஞ்சம் இறுகியிருந்தது. அவள் பாட்டுக்கு மணி கோத்துக்கொண்டிருந்தாள்.

அந்தப் பலகை இனி எங்களுக்குத் தேவையில்லை. உங்களிடமே இருக்கட்டும்.

அன்புத் தங்கை

பி.கு.: வரும் வழியில் துணிக்கடைக்குப் போய்க் குருவிக்கு ஒரு கவுன் எடுத்தேன். ஒரு சைஸ் பெரிதாகவே எடுத்தேன்.